வீட்டில் கற்பிக்கும் பெற்றோரின் ஆன்ம சோதனை
(பங்கு யூபிலியையொட்டி நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கலாமா என்று யோசிக்கும் குடும்பங்கள் இன்று உண்டு. "எங்களால் முடியுமா, சுவாமி?" என்பதுதான் அவர்கள் கேட்கும் கேள்வி.

1965 அக்டோபர் 28-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்கிறது. அவர்களுக்குச் சமுதாயம் முழுவதும் துணைநிற்க வேண்டும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. பலர் முதல் பகுதியை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். உரிமை வேறு, ஆற்றல் வேறு.

ஆற்றலை எண்ணிப் பார்க்கும்போது நாம் வழக்கமாகச் சொல்வது என்ன? "எனக்கு ஆங்கிலம் வராது, கணக்கு வராது." இது குறைதான், ஆனால் எளிதில் நிரப்பக்கூடிய குறை. 1989-ல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி பாடநூல்களைத் தருகிறது. பள்ளிக்குப் போகாத பிள்ளையும் 14 வயது நிறைந்தபின் அதன் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். கணக்குச் சொல்லித்தரப் பக்கத்துத் தெருவில் பட்டதாரி ஒருவர் கிடைப்பார். நமக்குப் பதிலாகப் பொறுமையாய் இருக்க யார் கிடைப்பார்?

2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. அந்நாட்களில் வீடுகளில் எழுந்த சண்டைகளை நினைத்துப் பாருங்கள். பின்னக் கணக்குத் தெரியாததால் வந்தவை எத்தனை? காலையில் நேரத்துக்கு எழாததாலும், ஒரே அலைபேசிக்கு மூவர் போட்டியிட்டதாலும், ஒரே கேள்வியை நான்காம் முறை கேட்டபோது கை ஓங்கியதாலும் வந்தவை எத்தனை?

இங்கேதான் புனித இஞ்ஞாசியார் நமக்கு உதவுகிறார். குருமடத்தில் நாங்கள் பழகிய தனி ஆன்ம சோதனை அவருடைய ஞானப் பயிற்சி நூலில் உள்ளது. ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். நாள் ஒன்றுக்கு இரண்டு கோடுகள். நண்பகல் உணவுக்குப் பின் ஒருமுறை, இரவு உணவுக்குப் பின் ஒருமுறை, எத்தனை தடவை விழுந்தோம் என்று புள்ளியிட வேண்டும். இன்றைக்கும் நேற்றைக்கும், இவ்வாரத்துக்கும் சென்ற வாரத்துக்கும் ஒப்பிட வேண்டும். கணக்குப்பிள்ளை வேலை போலத் தோன்றும். ஆனால் "நான் கோபக்காரி" என்று பொதுவாகப் புலம்புவதைவிட "இன்று பதினோரு தடவை" என்பது பயனுள்ளது.

கோடை விடுமுறையில் இதைச் செய்து பாருங்கள். தினம் இரண்டு மணி நேரம் பிள்ளையோடு அமர்ந்து படியுங்கள். புள்ளிகளை நீங்கள் மட்டும் இடாதீர்கள். கணவரும் மனைவியும் ஒருவருக்கொருவர் இடட்டும். முடிந்தால் பிள்ளையையும் கேளுங்கள். அவனுடைய கணக்கு நம் கணக்கைவிடச் சரியாக இருக்கும்!

பலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கொத்தனார் வேலை பார்க்கும் தகப்பனுக்குப் பரப்பளவும் கன அளவும் கைப்பழக்கம். காய்கறிக் கடை நடத்தும் தாய் மனக்கணக்கில் பிள்ளையைத் தூக்கி விழுங்குவாள். இவற்றை அவர்கள் கல்வியென்றே நினைப்பதில்லை. மறுபுறம், ஆசிரியத் தொழிலில் இருக்கும் பெற்றோர் சற்றுக் கூடுதல் விழிப்பாக இருப்பது நல்லது. நாற்பது பேரை அடக்கிய குரல், அடுப்படியில் ஒரு பிள்ளைக்குத் தாங்காது.

புள்ளிகள் வாரத்துக்கு வாரம் குறைந்தால் துணிந்து தொடங்கலாம். குறையாவிட்டாலும், பிள்ளை உடன்விளையாட ஆளின்றி வாடினாலும், ஜூன் மாதம் அவனைப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். அதில் தாழ்வு ஒன்றுமில்லை. மாலையில் வீடு திரும்பும் பிள்ளைக்கு நீங்கள்தான் அப்போதும் முதல் ஆசிரியர். முடிவெடுக்க முடியாமல் திண்டாடுவோர், அந்த நோட்டுப் புத்தகத்தோடு இருவருமாகப் பங்கு இல்லத்துக்கு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.