வீட்டு வேலை நடக்கும்போது பிள்ளை எங்கே இருக்கும்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தத் தடவை வந்த கடன் மனுக்களில் வீடு பழுது பார்க்க என்று கேட்டவை நிறைய. மழைக்கு முன்னே முடிக்கணும் என்ற அவசரம் எல்லாருக்கும் இருக்கிறது. நம் கடலூர் மாவட்டத்துக்கு ஐப்பசி, கார்த்திகை என்றாலே பயம்தான். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கூரையைத் தூக்கிப் போட்டதை யாரும் மறக்கவில்லை. மனுவில் எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை லோடு மணல், கொத்தனார் கூலி எவ்வளவு என்று எல்லாம் எழுதுகிறோம். வேலை நடக்கிற பத்து நாளும் வீட்டில் இருக்கிற ஒன்றரை வயசுப் பிள்ளை எங்கே இருக்கும் என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசலாம் என்று இருக்கிறோம்.

நம் பக்கத்துப் பழைய வீடுகள் எப்படிப்பட்டவை? டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் இருக்கிறது. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கிய பிறகு வட்டம் வட்டமாகக் கட்டியது. அங்கே இருப்பவர்கள் தாமாகச் சுவரில் கை வைக்க முடியாது, நிர்வாகத்தைக் கேட்கணும். வெளியே மந்தாரக்குப்பம், வடக்குத்து, இந்திரா நகர் பக்கம் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் உண்டு. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு வேறு இடம் வந்தவர்களில், பழைய வீட்டின் நிலை, கதவு, ஜன்னலை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து புது வீட்டில் வைத்தவர்களும் உண்டு. தாத்தா காலத்துக் கதவை விட மனசு வருமா? அப்புறம் அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடுகள். கம்பி துருப்பிடித்து, தளத்துக் காரை பிள்ளை படுத்திருக்கிற இடத்தில் விழுகிற வீடுகள். அதைப் பழுது பார்க்காமல் இருப்பதும் ஆபத்துதான். ஆகவே வேலை செய்யாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை.

இதில் நமக்குத் தெரியாமல் வருகிற ஆபத்து பழைய பெயிண்டில் இருக்கிறது. முன்பு எனாமல் பெயிண்டில் காரீயம் கலந்தார்கள். சீக்கிரம் காயும், நிறம் பளிச்சென்று நிற்கும் என்பதற்காக. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை போன்ற பளிச் நிறங்களில் அது அதிகம். (ரசம் வைக்கிற ஈயச்சொம்பை நினைத்துக் குழம்ப வேண்டாம். அது வெள்ளீயம், இது காரீயம், வேறே உலோகம்.) அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் காரீயத்தை 1978லேயே தடை செய்துவிட்டார்கள். நம் நாட்டில் 2016இல்தான் விதி வந்தது. 2017 நவம்பர் 1 முதல் வீட்டுப் பெயிண்டில் காரீயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது பத்து லட்சம் பங்கில் தொண்ணூறு பங்கு. அப்படியானால் அதற்கு முன் பூசிய கதவு, ஜன்னல், கிரில், அலமாரி எதிலும் காரீயம் இருக்கலாம் என்றுதான் நாம் வைத்துக்கொள்ள வேண்டும். சுவரில் அடித்த சுண்ணாம்புக்கு இந்தப் பயம் இல்லை.

பெயிண்ட் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும் வரை பெரிய கெடுதல் இல்லை. உரிந்தால், சுரண்டினால்தான் வினை. பெயிண்டர் வந்து உப்புத்தாள் போட்டுக் கரகரவென்று தேய்ப்பார். அந்தத் தூள் மாவு மாதிரி தரையில் படியும். தவழ்கிற பிள்ளை அதில் கை வைக்கும், அந்தக் கை நேரே வாய்க்குப் போகும். நிற்கப் பழகுகிற பிள்ளை ஜன்னல் விளிம்பைப் பிடித்து நின்று அதையே கடிக்கும். வாய் வழியே போகிற காரீயத்தில் பெரியவர் உடம்பு ஏற்பதைப் போல நாலைந்து மடங்கு சின்னப் பிள்ளை உடம்பு ஏற்றுக்கொள்ளும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்றும் சொல்கிறது. காய்ச்சல் மாதிரி அது வெளியே தெரியாது. ரத்தம் குறையும், வளர்ச்சி குறையும். நாலு வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் ஏறவில்லை, ஒரு இடத்தில் உட்காரவில்லை என்பார்கள். நாம் பிள்ளையை அடிப்போம். ஆறு வயசுக்குள் மூளை வளர்கிற காலம். அப்போது ஆன சேதத்தை மருந்து கொடுத்துத் திருப்ப முடியாது.

கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தும். காரீயம் எலும்பில் தங்கி, கர்ப்ப காலத்தில் ரத்தத்துக்கு வந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

நம் உறுப்பினர்களில் சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. இடிக்கிற வேலை, சுரண்டுகிற வேலை என்றால் சேலையிலும் தலையிலும் அந்தத் தூள் ஒட்டியிருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும். மனசு கேட்காதுதான். ஆனாலும் கை, கால், முகம் கழுவி, சேலை மாற்றிவிட்டுத் தூக்குங்கள். வேலைச் சேலையைப் பிள்ளை துணியோடு ஊற வைக்காதீர்கள்.

சரி, வேலையை எப்படி நடத்துவது? பழைய பெயிண்டை உலர்ந்தபடி தேய்க்க விடக் கூடாது. தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பர் போட்டு ஈரத்தோடு தேய்க்கச் சொல்லுங்கள். தீ வைத்து உரிக்கவே கூடாது, அந்தப் புகையிலும் காரீயம் வரும். கதவைக் கழற்ற முடிந்தால் வெளியே கொண்டுபோய், கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் தள்ளி, கீழே தார்ப்பாய் விரித்துச் செய்யலாம். உரிந்ததைப் பொறுக்கி மூட்டை கட்டிவிட வேண்டும். கோழி மேய்கிற இடத்தில் கொட்டக் கூடாது, அடுப்பிலும் போடக் கூடாது. வேலை முடிந்ததும் துடைப்பம் எடுக்காதீர்கள், பெருக்கினால் தூள் கிளம்பும். ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றித் துடையுங்கள். மேஸ்திரி முணுமுணுப்பார், அரை நாள் கூலி கூடக் கேட்பார். கொடுத்துவிடலாம் என்பதே எங்கள் அபிப்பிராயம். புதுப் பெயிண்ட் வாங்கும்போது டப்பாவில் காரீயம் 90 பி.பி.எம்.முக்குள் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அச்சே இல்லாத டப்பா விலை குறைவாகத்தான் கிடைக்கும். வேண்டாம்.

இடிக்கிற, சுரண்டுகிற நாட்களில் பிள்ளை அந்த வீட்டில் இருக்கவே கூடாது. அம்மா வீடு, அக்கா வீடு, பகலில் அங்கன்வாடி, எதுவும் சரி. “பத்து நாள் தாய் வீட்டுக்குப் போனால் இங்கே யார் சமைப்பது?” என்று மாமியார் கேட்கலாம். கேட்கட்டும், இந்தக் கூட்டத்தில் சொன்னதை எடுத்துச் சொல்லுங்கள். போகவே முடியாதவர்கள் வேலையை ஒரே அடியாகப் போடாமல் அறை அறையாகச் செய்யலாம். பிள்ளை தூங்குகிற அறையை முதலில் முடித்து, துடைத்து, அங்கே பிள்ளையை வைத்து, கதவிடுக்கில் ஈரத்துணி போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள்.

பூச்சு வேலைக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிற தொட்டி, டிரம், பாண்டு இவற்றையும் மறக்காதீர்கள். கொஞ்சம் தண்ணீர் இருக்கிற வாளியில் தலைகுப்புற விழுந்தாலே சின்னப் பிள்ளையால் எழ முடியாது. சாயங்காலம் கவிழ்த்து வைக்க வேண்டும். சுண்ணாம்பு நீற்றுகிற இடத்தைச் சுற்றி மறைப்பு வேண்டும், அது கண்ணில் தெறித்தால் பார்வை போகும். தின்னரைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் பெயிண்டர்களிடம் உண்டு. கண்டால் உடனே எடுத்துவிடுங்கள்.

சுவரைச் சுரண்டித் தின்கிற, மண் தின்கிற பிள்ளைகள் நம் தெருக்களில் உண்டு. பெரியவர்கள் சிரித்துவிட்டு விடுகிறார்கள். ரத்தசோகை உள்ள பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் அதிகம் காணப்படுகிறது. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடம்பு காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். கேழ்வரகுக் கூழும் முருங்கைக் கீரையும் நமக்குப் புதிதில்லை. சுகாதாரச் செவிலியர் தருகிற இரும்புச்சத்து மருந்தையும் விடாமல் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் பழைய பெயிண்ட் சுரண்டிய விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள். ரத்தத்தில் காரீயம் பார்க்கத் தனிப் பரிசோதனை இருக்கிறது.

தொகுப்பு வீடு வைத்திருப்பவர்கள் கடனுக்கு முன் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். 2000-01 வரை அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுது பார்க்க 2024இல் தமிழக அரசு திட்டம் அறிவித்தது. உங்கள் வீடு பட்டியலில் இருக்கிறதா, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று அங்கேதான் தெரியும்.

வீட்டுக் கடன் மனுவோடு இனி இரண்டு வரி சேர்த்து எழுதலாம் என்று செயற்குழுவில் கேட்டிருக்கிறோம். வீட்டில் ஆறு வயசுக்குள் பிள்ளையோ கர்ப்பிணியோ இருக்கிறார்களா, வேலை நாட்களில் அவர்கள் எங்கே தங்குவார்கள் என்று. பஸ் செலவையும் தார்ப்பாய் செலவையும் மதிப்பீட்டிலேயே சேர்த்துக் கேளுங்கள், தயங்க வேண்டாம். குழுவுக்கு ஒரு தார்ப்பாய் வாங்கி வைத்தால் முறை போட்டு எடுத்துக்கொள்ளலாம். யார் வீட்டில் முதல் வேலை என்று ஊக்குநர்கள் அடுத்த கூட்டத்துக்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.