முதியோரின் மௌனம்



60 ஆண்டு நிறைந்தால் மணிவிழா. 80 கடந்தால் சதாபிஷேகம். முதுமையைப் பேறெனக் கொண்டாடுவது தமிழர் மரபு. ஆயினும், விழா நிறைவுற்று உற்றார் விடைபெற்ற பின்னர், அப்பெரியவரின் மனம் எவ்வாறு இருக்கிறது என வினவுவோர் மிகச் சிலரே.

கலகலப்பாக உரையாடியவர் பேச்சைக் குறைக்கிறார். நாள்தோறும் செய்தித்தாள் படித்தவர் அதனைத் தொடுவதில்லை. உணவில் விருப்பமில்லை, விடியுமுன்பே உறக்கம் கலைகிறது. வீட்டார் சிலர் இதனைப் பற்றற்ற நிலை எனப் போற்றுவர். சிலர் வயதின் இயல்பென்று விட்டுவிடுவர். இரண்டும் பிழையாகலாம். பற்றைத் துறந்தவரிடம் அமைதி இருக்கும். பேரக்குழந்தை ஓடிவந்தால் முகம் மலரும். மனச்சோர்வுற்றவருக்கோ எதுவும் இனிப்பதில்லை. இந்நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது நோயாக இருக்கக்கூடும். மனச்சோர்வு மருத்துவத்தாலும் ஆலோசனையாலும் தீரத்தக்கது.

60 வயது கடந்தோருள் ஏறத்தாழ நூற்றுக்கு 14 பேர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. துணையின் மறைவு, பணி ஓய்வு, பிள்ளைகளின் பிரிவு ஆகியன காரணங்களாகலாம். செவித்திறன் குன்றியவர், பிறர் பேசுவது விளங்காமல் தாமே ஒதுங்கிவிடுவதும் உண்டு. தைராய்டு குறைபாடும், வைட்டமின் பி12 குறைவும் சோர்வாகவே வெளிப்படும். எனவே முதலில் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். மனநல மருத்துவரை நாடுவதில் இழுக்கு ஏதுமில்லை.

இல்லத்தார் செய்யத்தக்கவை எளியவை. ஒரு வேளையேனும் உடனமர்ந்து உண்ணுங்கள். அடுத்த அறையிலிருந்து உரக்கக் கூவாமல், எதிரில் அமர்ந்து முகம் பார்த்துப் பேசுங்கள். காய் நறுக்குதல், கணக்கு எழுதுதல் என அவரால் இயன்ற பணியை அவரிடமிருந்து பறித்துவிடாதீர்கள். வெளியூரில் வாழும் பிள்ளைகள் குறித்த நேரத்தில் தொலைபேசியில் அழைப்பின், அவ்வேளைக்காகவே ஒரு நாள் இனிதாகும்.

"இனி இருந்து என்ன பயன்?" என்று முதியவர் கூறினால், அதனைப் புலம்பல் எனத் தள்ளாதீர்கள். தனியே விடாமல், உடனே உதவி நாடுங்கள். 2022ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில், எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே அணுகலாம். முதியோருக்கான உதவி எண் 14567.

பெற்றோருக்கு மருந்தும் உணவும் வாங்கித் தருவதோடு கடமை நிறைவதில்லை. அவர்கள் சொல்வதைக் கேட்க ஒரு செவியும் வேண்டும். இன்று இல்லம் திரும்பியதும் அவர்கள் அருகில் சற்றே அமருங்கள், அவர்கள் பேசட்டும்.