கரிவரதன் என்னும் பொறிவினைஞர்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் புலவர்களையும் வீரர்களையும் போற்றுவது நம் மரபு. இன்று நான் போற்ற எழுந்திருப்பதோ ஒரு பொறிவினைஞரை. எண்ணெய்க் கறை படிந்த கைகளைப் பற்றித் தமிழ் மேடையில் பேசலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இத்தீவுகளில் வாழும் நாம் அவ்வாறு கேட்கலாகாது. சென்னையிலிருந்து கப்பல் வந்து சேர ஏறத்தாழ மூன்று நாள் ஆகிறது. படகு எஞ்சினில் ஒரு சிறு உறுப்பு உடைந்துவிட்டால், மாற்று உறுப்பு வரும்வரை மீனவர் கரையில் காத்திருக்க நேர்கிறது. இருப்பதைக் கொண்டு இயங்க வைக்கும் கையின் அருமையை நம்மினும் அறிந்தவர் யார்?

அத்தகைய கை வாய்த்தவர் கோயமுத்தூர் எஸ். கரிவரதன். 1954ஆம் ஆண்டு பிறந்தவர். இலட்சுமி ஆலைக் குடும்பத்தவர். அக்காலத்தில் கார்ப் பந்தயம் என்றால் சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரந்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமே அங்குப் பந்தயக் களம். வெளிநாட்டுப் பந்தயக் கார் தருவிக்க வல்ல செல்வர் சிலர். உள்ளூர்க் கார்களைத் திருத்தி எடுத்து வந்த ஆர்வலர் பலர். கரிவரதனும் அங்கே ஓட்டியவரே. ஆயினும், தாம் ஓட்டுவதோடு அவர் மனம் நிறைவு பெறவில்லை. செல்வமில்லாத இளைஞனும் ஏறி ஓட்டத்தக்க ஒரு பந்தயக் கார் நம் நாட்டிலேயே பிறக்க வேண்டும் என்று விரும்பினார்.

அதற்கு அவர் தேர்ந்த எஞ்சின் எது தெரியுமா? 1983ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்து, நடுத்தரக் குடும்பங்களின் வாசலில் நின்ற மாருதி 800 காரின் எஞ்சின்! மூன்று சிலிண்டர், 796 கன சென்டிமீட்டர், ஏறத்தாழ 40 குதிரைத்திறன். பந்தய உலகில் இதனை ஒரு பொருட்டாக யார் மதிப்பார்? அந்தக் காரில் எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒரே தொகுதியாக முன்புறம் அமைந்து, முன் சக்கரங்களைச் சுழற்றின. கரிவரதன் அத்தொகுதியை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே அமைத்துப் பின் சக்கரங்களைச் சுழற்றச் செய்தார். ஒருவர் மட்டுமே அமரும் தாழ்ந்த, எடை குறைந்த உடல் அதற்கு வாய்த்தது. சுமை குறைந்தால் சிறிய எஞ்சினும் விரைந்து ஓடும் அல்லவா? 1988ஆம் ஆண்டளவில் உருவான அக்காருக்கு ஃபார்முலா மாருதி என்று பெயர் வழங்கிற்று.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. எல்லாரும் ஒரே வகை எஞ்சினோடு ஓடும்போது வெற்றி பணத்தைச் சாராது. ஓட்டும் திறனையும், எஞ்சினைச் செம்மையாகப் பேணும் திறனையுமே சாரும். உறுப்பு பழுதுபட்டால் அயல்நாட்டுக்கு எழுதிக் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

அக்காரின் பயனைக் காலம் காட்டிற்று. கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன் திருப்பெரும்புதூர்க் களத்தில் முதன்முதல் ஓட்டியது ஃபார்முலா மாருதியே. அவரே 2005ஆம் ஆண்டு ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். அந்நாளைக் காணக் கரிவரதன் இல்லை. 1995ஆம் ஆண்டு விமான விபத்தொன்றில் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு அகவை 41. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயக் களம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

அன்பர்களே, உங்கள் முன் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். என் மகன் பன்னிரண்டு வயதில், வீட்டில் பழுதாகிக் கிடந்த தண்ணீர் இறைக்கும் மோட்டாரைத் திண்ணையில் பிரித்துப் போட்டான். "மெக்கானிக்காகப் போவதற்கா உன்னைப் படிக்க வைக்கிறேன்?" என்று அடித்தேன். அவன் அழவில்லை. சிதறிக் கிடந்த திருகாணிகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி ஒரு டப்பாவில் இட்டு என் கையில் கொடுத்தான். அதன்பின் என் முன்னே அவன் திருப்புளியைத் தொட்டதே இல்லை. இன்று நல்ல உத்தியோகத்தில்தான் இருக்கிறான். எனினும், அன்று அவன் எதை அறிய விரும்பினான் என்று நான் கேட்கவில்லையே என்பது என்னை வருத்துகிறது.

எல்லாப் பிள்ளைகளும் பந்தயக் கார் செய்யப் போவதில்லை. கரிவரதனுக்கு இருந்த வசதி நமக்கு இல்லை என்பதும் மெய். ஆனால் அவர் எடுத்த எஞ்சின் எல்லார் கண்ணிலும் பட்ட எஞ்சின்தானே! ஆதலின் சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் இது: கழித்துப் போட்ட படகு எஞ்சின் ஒன்றை வாங்கி நம் மன்றத்தின் பின்கட்டில் வைப்போம். ஜங்லிகாட் மீன்பிடித் துறையில் எஞ்சின் பழுதுபார்க்கும் நம்மவரை ஆசிரியராக அழைத்து, பொன்னாடை போர்த்தி அமர்த்துவோம். நம் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் அதனைப் பிரிக்கட்டும், மீண்டும் பூட்டட்டும். முதல் திருப்புளியை வாங்கித் தரும் கடமை என்னுடையது.