இறக்கத்தில் இரண்டாம் கியர்

சாலையில் எளிதில் காயமடையக்கூடியோர் என உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுவது நடந்து செல்வோரையும், மிதிவண்டி, இருசக்கர வாகனங்களில் செல்வோரையும் ஆகும். உலகெங்கும் ஆண்டுதோறும் சாலை விபத்தில் இறக்கும் ஏறத்தாழ 11.9 லட்சம் பேரில் பாதிக்கு மேற்பட்டோர் இவர்களே. குந்தா வட்டத்துப் பிக்கட்டி போன்ற நீலகிரி ஊர்களில், தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் வாகனச் சாலையிலேயே நடப்பதால், அவர்களது பாதுகாப்பு மலைக்குப் புதிய ஓட்டுநரின் பழக்கத்தையும் பொறுத்தது. இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாது மிதித்தால், உராய்வின் வெப்பத்தால் அதன் பிடிப்பு தளரும். ஏறிய கியரிலேயே இறங்கினால் எஞ்சினே வேகத்தை அடக்கும் என்பது மலை ஓட்டுநர் அனைவரும் அறிந்த, சமவெளிக்காரர் பலரும் மறக்கும் எளிய பாடம். நீலகிரியில் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதையில், 2018 அக்டோபரில் சென்னைச் சுற்றுலாப் பயணிகளின் கார் பள்ளத்தில் விழுந்து, உடனே எவர் கண்ணிலும் படாமல் கிடந்த துயரத்திற்குப் பின், வெளிமாவட்ட வாகனங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. இத்தகைய இடங்களில் முதலில் கைகொடுக்கக்கூடியோர் அக்கம்பக்கத்து மக்களே என்பதால், உதவுபவர் தம் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை என 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் கீழான விதிகள் காப்பளிக்க, 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் காயமுற்றவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குகிறது.