கடலின் பிள்ளையைப் பார்க்கப் போவோம்



அஸருக்குப் பிறகு ஒரு நாள் ஒலுவில் துறைமுகத்துக்குப் போய், அலைதடுப்புக் கற்களில் இருந்து கிழக்கே பாருங்கள். நேராகப் போனால் நிக்கோபார் தீவுகள். சற்றுத் தெற்கே சாய்ந்தால் சுமாத்திரா. அங்கிருந்து ஜாவா, பாலி, லொம்பொக் என்று எரிமலைத் தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன.

அந்தத் தீவுகளுக்கும் நமக்கும் பழைய தொடர்பு உண்டு. 1883 ஓகஸ்ட் 27ஆம் திகதி, ஜாவாவுக்கும் சுமாத்திராவுக்கும் நடுவே கிரகத்தோவா எரிமலை வெடித்தது. அன்று எழுந்த அலை சமுத்திரத்தைக் கடந்து நமது அறுகம்பை, பாணமைப் பக்கம் வரை வந்தது. அதில் அடிபட்ட ஒரு பெண் இறந்துபோனதாக அக்காலப் பதிவு சொல்கிறது. 2004 டிசம்பர் 26ஐ நான் சொல்லவே தேவையில்லை. அன்று சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்து, ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் அலை நம் வாசலில் நின்றது. இலங்கையிலேயே கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது நமது அம்பாறை மாவட்டம்தான்.

அப்படியிருக்க, விடுமுறைக்கு ஓர் எரிமலைத் தீவுக்குப் போவோம் என்று இன்றைக்கு நான் சொல்லப் போகிறேன். லொம்பொக்குக்குப் போவோம்.

பாலிக்குப் பக்கத்துத் தீவு அது. அங்குள்ள சசாக் மக்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். ஆயிரம் பள்ளிவாசல் தீவு என்றே அதற்குப் பெயர். ஹலால் சாப்பாட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. நமது தோட்டத்துக் கங்குன் கீரையை அங்கே காங்குங் என்கிறார்கள். அவித்து, மிளகாய்ச் சம்பலோடு தருவார்கள். சுக்காராரா என்ற கிராமத்தில் பெண்கள் வீட்டுத் திண்ணையிலேயே தறியில் இருப்பார்கள். மருதமுனையில் பிறந்தவருக்கு அந்தத் தறிச் சத்தம் சொந்த ஊரை ஞாபகப்படுத்தும்.

தீவின் நடுவே ரிஞ்ஜானி மலை, 3,726 மீற்றர் உயரம். 1257ஆம் ஆண்டளவில் அங்கே நின்ற சமாலாஸ் என்ற மலை வெடித்துச் சிதறியது. கடந்த சில ஆயிரம் வருடங்களில் உலகம் கண்ட மிகப் பெரிய வெடிப்புகளில் அது ஒன்று. அது வெடித்த இடத்துப் பள்ளத்தில் இன்று நீல நிறத்தில் ஓர் ஏரி. அதன் பெயர் செகாரா அனாக். செகாரா என்பது நாம் சாகரம் என்று சொல்லும் அதே சொல். அனாக் என்றால் பிள்ளை. கடலின் பிள்ளை! எரிந்த மலையின் மண்ணிலேதான் அடிவாரத்து செம்பாலுன் மக்கள் பூண்டும் மரக்கறியும் விளைவிக்கிறார்கள்.

இனி, திட்டம். மே முதல் ஒக்டோபர் வரை அங்கே மழை குறைவு. ஆகையால் ஓகஸ்ட் விடுமுறை பொருந்தும். ஜனவரி முதல் மார்ச் வரை, மழை காரணமாக ரிஞ்ஜானிப் பாதையை வழக்கமாக மூடிவிடுவார்கள். கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாகப் போகலாம். விசா விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் எடுக்கும் முன்னர் விசாரித்துக்கொள்ளுங்கள். மலை ஏறுவதென்றால் அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். மேலே இரவில் கடுங்குளிர். கடற்கரை வெயிலில் வளர்ந்த நமக்குக் கம்பளிச் சட்டை அவசியம். வயதானவர்களும் சிறுபிள்ளைகளும் அடிவாரத்தோடு நின்றாலே போதும்.

திரும்பும் நாளை இறுக்கமாக வைக்காதீர்கள். 2015 நவம்பரில் அந்த ஏரிக்குள் இருக்கும் பாருஜாரி என்ற சிறு எரிமலை சாம்பல் கக்கியபோது, லொம்பொக்கிலும் பாலியிலும் விமான நிலையங்களை மூடினார்கள். இரண்டு நாள் கையில் இருந்தால் மனம் பதறாது. இந்தோனேசியாவில் ஒவ்வோர் எரிமலைக்கும் நான்கு படி எச்சரிக்கை உண்டு. புறப்படும் முன்னர் ரிஞ்ஜானி எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். 2018 ஓகஸ்ட் 5ஆம் திகதி நிலநடுக்கத்தில் அந்தத் தீவு ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை இழந்தது. இழப்பு என்னவென்று நம்மைப் போலவே அறிந்த மக்கள் அவர்கள். ஸலாம் சொல்லி, அவர்களோடு நின்று கதையுங்கள்.

முதல் நாள் மாலை, தங்கும் இடத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: "சுனாமி வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது?" சுனாமி என்ற சொல்லை அங்கே யாருக்கும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. அவர்கள் காட்டும் மேட்டு வழியைப் பிள்ளைகளோடு ஒருமுறை நடந்து பாருங்கள். 2004இல் அப்படி ஒரு வழி நமக்குத் தெரிந்திருந்தால், இன்று எத்தனை வீடுகளில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

ஊருக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நாளை நம் கரைக்கு விடுமுறையில் வரும் ஒருவர், ஒலுவிலிலோ அறுகம்பையிலோ நம் பிள்ளையிடம் அதையே கேட்பார். பிள்ளை தயங்காமல் கையை நீட்டி வழி காட்ட வேண்டும்.