காதலும் காணியும்: வன்னி வாசகர் பார்வையில் காதல் நாவல்கள்

தமது ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து ஊர் வாசிகசாலைக்கு நூல் வாங்கித் தந்த ஓர் ஆசிரியையின் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடைபெறுகிறது. பிள்ளை எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் அந்த அம்மையார் தட்டிப் பறித்ததில்லை. "வாசிச்சிட்டு வந்து, எது பிடிச்சது, எது பிடிக்கேல்லை எண்டு சொல்லு" என்பார். அந்தக் கேள்விக்கு ஒரு வாசகியாக இன்று பதில் சொல்ல வந்திருக்கிறேன். அண்மையில் படித்தவையும் திரும்பப் படித்தவையுமான காதல் நாவல்கள்தான் என் பொருள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு காதல் நாவலை எடைபோட, காதலர் எவ்வளவு உருகினார்கள் என்று பார்ப்பது போதாது. அவர்கள் குடியிருக்க அந்த நாவல் எந்த நிலத்தைக் கொடுக்கிறது, அந்த வீடு யாருடையது, அடுப்பு எதனால் எரிகிறது என்றும் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த வன்னிச் சனத்துக்கு இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை மற்றெவரையும்விட அதிகம்.

1. ஏளனம் வேண்டாம்

எங்கள் வாசிகசாலைகளில் அதிகம் கைமாறும் நூல்கள் காதல் நாவல்கள். எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தையல் வேலை செய்பவர், முன்பள்ளி ஆசிரியை, வயல் விதைத்து முடித்து அருவி வெட்டுக்குக் காத்திருப்பவர், தனியே குடும்பத்தைச் சுமப்பவர் எனப் பலரும் அவர்களில் உண்டு. "குப்பைக் கதை வாசிக்கிறாள்" என்ற பேச்சு அவர்கள் காதில் விழாத நாள் குறைவு.

ஜேனிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர், அந்நாட்டின் நடுமேற்குப் பகுதியில் ஓர் ஊரில் காதல் நாவல் வாசிக்கும் பெண்களைச் சந்தித்து, அவர்கள் சொன்னதைக் கேட்டு 1984இல் ஒரு நூல் எழுதினார். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் நாள் முழுக்க உழைக்கும் பெண், புத்தகத்தை விரித்த வேளையில் "இது என் நேரம்" என்று சொல்லிக்கொள்கிறாள் என்பது அவர் கண்ட முக்கியமான செய்தி. அந்த வாசகியருக்குத் தெளிவான தர அளவுகோல் இருந்ததையும் அவர் கண்டார். பெண்ணை வதைக்கும் நாயகனை அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவளைப் பேணும் நாயகனையே தேடினார்கள். எங்கள் பெண்களிடமும் அப்படி ஓர் அளவுகோல் இருக்கிறது. அதைக் கேட்பவர்தான் இல்லை.

அதை நான் கண்ட இடம் ஒரு புத்தகத்தின் ஓரம். தமிழ்நாட்டிலிருந்து வந்த மாத நாவல் அது. அட்டை கழன்று, மாட்டுத்தாள் ஒட்டி, முதுகில் நூல் கோத்துத் தைத்திருந்தார்கள். கதையில் பணக்காரக் கணவன் ஒரு சந்தேகத்தில் மனைவியைக் கடுமையாகப் பேசுகிறான். அவள் அழுதுகொண்டு அறைக்குள் போகிறாள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒருத்தி எழுதியிருக்கிறாள்: "இவனோடை எப்பிடி இருக்கிறது?" அதன் கீழே வேறொரு கையெழுத்து: "வீடு அவன்ரை எல்லோ." அதற்கும் கீழே, நீல மையில், மூன்றாவது கை: "தாய் வீட்டை போகலாம் தானே." மீண்டும் பென்சில்: "தாய் வீடு இருந்தால்."

ஒருவரையொருவர் அறியாத மூன்று வாசகியர் அந்த ஓரத்தில் நடத்தியிருப்பது இலக்கிய விமர்சனம். நாவலாசிரியர் கேட்காமல் விட்ட கேள்வியைக் கண்டுபிடித்து அவர்கள் கேட்டிருக்கிறார்கள். என் சொற்பொழிவின் பொருளை எனக்குத் தந்தவர்கள் அவர்கள்தான்.

2. கடல் கடந்து வந்த காதல்

தமிழ்நாட்டில் 1969இல் தொடங்கிய ராணிமுத்து போன்ற மாத நாவல்கள், சாதாரண வீடுகளுக்குள்ளும் நாவலைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. பின்னர் ரமணிசந்திரன் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களால் அந்தப் பரப்பைத் தம்முடையதாக்கிக்கொண்டார். அவர் நாவல்களை நான் மதித்தே படிக்கிறேன். அவருடைய நாயகிக்குத் தன்மானம் உண்டு, உழைத்து உண்ண வேண்டும் என்ற நினைப்பு உண்டு, விலைக்குப் போகமாட்டாள். வாசகியை அவமானப்படுத்தும் காட்சிகளை அவர் எழுதுவதில்லை. சண்டைக்குப் பின் ஒரு சமாதானம் வரும் என்ற உறுதியைக் கொடுக்கிறார். நாளைக்கு என்ன என்று தெரியாமல் வாழ்ந்தவர்களுக்கு அந்த உறுதி சிறிய கொடையல்ல.

ஆனால் அந்த வகை நாவல்களில் இரண்டு குறைகளை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முதலாவது, நாயகனின் கோபத்தை அன்பின் அடையாளமாகக் காட்டுவது. கட்டாயக் கலியாணமும் கடுஞ்சொல்லும் கடைசி அத்தியாயத்தில் "அவ்வளவும் ஆசையினால்தான்" என்று மன்னிக்கப்படுகின்றன. வீட்டுக்குள் அடிவாங்கும் பெண் அதை நம்பிப் பொறுத்தால் அதன் விலையை அவள்தான் கொடுக்கிறாள். இரண்டாவது, வீடு எப்போதும் அவனுடையது. பங்களா, கார், தொழிற்சாலை எல்லாம் முன்பே அவனிடம் இருக்கின்றன. காதலித்தால் அவள் அவற்றுக்குள் போய்ச் சேர்கிறாள். நுண்கடன் தவணைக்காரர் படலையில் நிற்கும் காட்சி அங்கே வராது. அங்கே காதலுக்குத் தடை ஒரு தவறான எண்ணம் மட்டும்தான். அது நீங்கினால் கதை முடிந்தது. எங்கள் ஊரிலோ தவறான எண்ணம் எல்லாம் நீங்கிய பிறகும் கூரைக்குத் தகரம் வாங்க வேண்டியிருக்கிறது.

3. எங்கள் மரபு

ஈழத்துத் தமிழ் நாவல் தன் குழந்தைப் பருவத்திலேயே காதலைத் தொட்டது. திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' 1895இல் வந்தது. நாயக்கர் காலத்துச் சொக்கநாதனையும் மோகனாங்கியையும் வைத்து எழுதப்பட்ட வரலாற்றுக் காதல் அது. 1914இல் மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' எழுதினார். கண்மணி என்ற பெண் கலியாணத்துக்குப் பின் படும் துயரத்தை, ஒரு பெண்ணே எழுதினார் என்பது இன்றைக்கும் வியப்பு. மாலை மாற்றிய இடத்தில் கதையை நிறுத்தாமல், அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று பார்த்தவர் அவர்.

இதற்கும் பல நூற்றாண்டு முன்னரே எங்கள் அகப்பாடல்கள் இதைச் செய்தன. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தது. காதலுக்கு முன்னே அது நிற்கும் மண்ணைச் சொன்ன மரபு அது. மகள் போய்க் குடித்தனம் நடத்தும் வீட்டைச் செவிலித்தாய் சென்று பார்த்துவந்து, அவள் என்ன சமைத்தாள், அவன் எப்படி உண்டான் என்று நற்றாய்க்குச் சொல்லும் பாடல்கள் முல்லைத்திணையில் இருக்கின்றன. செவிலியை அங்கே போகவைத்த கேள்விதான் அந்த வாசிகசாலைப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது.

1970களில் இந்திய சஞ்சிகைகளின் வரவு கட்டுப்படுத்தப்பட்டபோது, வீரகேசரிப் பிரசுரம் இலங்கை எழுத்தாளர்களின் நாவல்களைத் தொடர்ச்சியாக வெளியிட்டது. மலிவுப் பதிப்புகள், பஸ் நிலையக் கடையிலும் கிடைத்தவை. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1973இல் வந்தது; 1978இல் திரைப்படமானது. வாடைக்காற்றோடு தொழிலுக்கு நெடுந்தீவு வரும் மீனவர்களும் தீவுப் பெண்களும் அதன் மாந்தர். பருவம் முடிந்தால் வாடியைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியவனை நம்பலாமா என்ற பயம் அந்தக் காதலுக்குள் இருக்கிறது. தொழிலும் காற்றும் காதலின் விதியை எழுதுகின்றன.

4. நிலக்கிளி

அதே 1973இல், அதே வீரகேசரிப் பிரசுரமாக, எங்கள் மண்ணின் காதல் நாவல் வந்தது. தண்ணீரூற்றைச் சேர்ந்த அ. பாலமனோகரன் எழுதிய 'நிலக்கிளி', சாகித்திய மண்டலப் பரிசும் பெற்றது. முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்புதான் அதன் களம். குளமும் காடும் வயலும் சேர்ந்த சிறு குடியிருப்பு. வசதியும் வீம்பும் கொண்ட கோணாமலையரின் மகன் கதிராமன், ஏழைப் பெண்ணான பதஞ்சலியை விரும்புகிறான். தகப்பன் மறுக்கிறார். மகன் தகப்பனின் வளவை விட்டு வெளியே வந்து அவளோடு வாழத் தொடங்குகிறான்.

வேறு நாவல் என்றால் அங்கே சுபம். இங்கே அதற்குப் பிறகுதான் கதை கனக்கிறது. தகப்பன் வளவை விட்டவனுக்குக் குடில் வேண்டும், விளைநிலம் வேண்டும், மழை வேண்டும். உழைப்பு அவர்கள் காதலின் மொழியாகிறது. ஒருவரையொருவர் புகழ்ந்து நீண்ட வசனம் பேச அவர்களுக்கு நேரமில்லை. ஒருவர் களைப்பை மற்றவர் அறிவதே அங்கே கொஞ்சல். அந்தக் குடிலுக்குச் சுந்தரம் என்ற இளம் ஆசிரியர் நட்போடு வந்துபோகத் தொடங்குகிறார். கள்ளங்கபடம் அறியாத பதஞ்சலி அவரிடம் காட்டும் அன்பு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை நான் சொல்லிக் கெடுக்கமாட்டேன். பிள்ளைகள் தாங்களே படிக்க வேண்டும்.

திரும்பப் படித்தபோது என்னைப் பிடித்துக்கொண்டது, பாலமனோகரன் எவரையும் கொடியவராக்கவில்லை என்பதே. கோணாமலையரின் வீம்பு நிலம் உடையவரின் வீம்பு. மகன் கைவிட்டுப் போனதன் வலி அதற்குள் இருக்கிறது. சுந்தரமும் தீயவரல்லர். தவறு வரும்போது அது மனிதருக்கு வரும் தவறாகவே வருகிறது. ஒரு மனக்குறையும் எனக்குண்டு. பதஞ்சலியின் வெகுளித்தனத்தை ஆசிரியர் அதிகம் நேசிக்கிறார். அவள் தனக்காக யோசிக்கும் இடங்களை இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம். இன்றைய வாசகி அந்த இடங்களைத் தேடுவாள்.

1984இல் தண்ணிமுறிப்பையும் அதை அண்டிய தமிழ்க் கிராமங்களையும் விட்டுச் சனம் துரத்தப்பட்டது. அந்த ஊரை நேரில் கண்டிராத ஒரு தலைமுறை முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் பிறந்து வளர்ந்தது. அவர்களுக்குத் தண்ணிமுறிப்பின் குளக்கட்டையும் காட்டுப் பாதையையும் காட்டித்தரும் நூல்களில் முதன்மையானது ஒரு காதல் நாவல். காதல் நாவல் வெறும் பொழுதுபோக்கு என்று சொல்வோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

5. அனுமதிப்பத்திரத்தில் யார் பெயர்?

காதலர் குடியிருக்கும் நிலம் யாருடையது என்ற கேள்விக்குச் சட்டமும் ஒரு பதில் வைத்திருந்தது. கிளிநொச்சியின் குடியேற்றத் திட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் அரச காணியில் அனுமதிப்பத்திரத்தோடு வாழ்கின்றன. அந்தக் காணிகளை ஆள்வது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதபோது காணி யாருக்குச் சேரும் என்ற வரிசையில் அது மகளுக்கு முன்னே மகனை வைத்திருந்தது. அந்தப் பாகுபாட்டை நீக்கும் திருத்தம் 2022இல்தான் வந்தது. யாழ்ப்பாணத்தில் தேசவழமைப்படி சீதனக் காணி மகளோடு போகும். அங்கிருந்து இரணைமடுக் குளத்தின் கீழ் குடியேறிய குடும்பத்தில் பிறந்த மகளுக்கோ, அண்ணனின் பெயருக்குப் போகும் காணியில் ஒரு கொட்டில் போடும் அனுமதிதான் மிஞ்சியது.

இந்தச் சட்டம் எத்தனை காதல்களைத் தீர்மானித்திருக்கும்! விரும்பியவனோடு போனால் அண்ணன் வளவில் இடமில்லை. போகாவிட்டால் அந்த வளவில் இருக்கலாம், ஆனால் சொந்தமில்லை. "வீடு அவன்ரை எல்லோ" என்று எழுதிய வாசகி சட்டம் படித்தவளாக இருக்கத் தேவையில்லை; அவள் அதற்குள் வாழ்ந்திருக்கிறாள்.

6. எழுதப்படாதவை

2009க்குப் பின் வன்னியிலிருந்து வந்த எழுத்து பெரும்பாலும் போரைச் சுமந்தது. தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்', தீபச்செல்வனின் 'நடுகல்' போன்றவை அப்படி எழுதப்பட வேண்டியவை, எழுதியவர்களை வணங்குகிறேன். வெற்றிச்செல்வி 'போராளியின் காதலி' என்று ஒரு நாவலுக்குப் பெயரிட்டபோது, போருக்குள்ளும் காதல் இருந்ததை அந்தத் தலைப்பே ஒப்புக்கொண்டது. அந்த வழியில் இன்னும் நிறையப் போக வேண்டும்.

போரின் கடைசி ஆண்டுகளில் பிள்ளைகளைக் காப்பாற்றவென்று அவசரமாகச் செய்துவைத்த கலியாணங்கள் இருந்தன. முன்பின் பேசியறியாத இருவர், கலியாண எழுத்தும் இல்லாமல், ஒரு தறப்பாளின் கீழ் கணவன் மனைவி ஆனார்கள். மெனிக் பாம் முதலிய முகாம்களில் முள்வேலிக்குள் அடைபட்டவர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். அந்தக் கூட்டத்துக்குள்ளும் ஒருவரையொருவர் தேடியவர்களும், புதிதாகக் கண்டு விரும்பியவர்களும் இருந்தார்கள். காணாமற்போன கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு இன்னொருவன்மேல் வரும் அன்பை ஊர் எப்படிப் பார்த்தது? செயற்கைக் காலோடு பெண் கேட்டுப் போனவனை அவள் வீடு எப்படி வரவேற்றது? வீட்டுத்திட்டத்தில் கட்டிய கல்வீடு யாருடைய பெயரில் இருக்கிறது? இவை எல்லாம் காதல் நாவலுக்குரிய கேள்விகள். இரங்கலாக மட்டும் இவற்றை எழுதினால் பாதி வாழ்க்கை விடுபட்டுப் போகும். அந்த மனிதர்கள் சிரித்தார்கள், ஊடினார்கள், ஒருவருக்கொருவர் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை இந்த அவையின் முன் வைக்கிறேன். பாடசாலைகளும் வாசிகசாலைகளும் 'நிலக்கிளி'யையும் வீரகேசரிக் கால நாவல்களையும் தேடி எடுத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். வாசிகசாலைகளில் மாதம் ஒருமுறை பெண்கள் கூடித் தாம் படித்த காதல் நாவல்களைப் பற்றிப் பேச இடம் கொடுக்க வேண்டும்; அந்தப் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். எழுத விரும்பும் இளையோர், முக்கியமாகப் பெண்பிள்ளைகள், தங்கள் வளவில் நடந்த காதலை, கடனும் காணியும் விதைப்பும் சேர்த்து எழுத வேண்டும். வெளியூர் நாயகனின் பங்களாவைக் கடன் வாங்க வேண்டியதில்லை. காலபோகத்துக்கு விதைநெல் கடன் வாங்கிய இருவரின் அன்பு எந்தப் பங்களாக் காதலுக்கும் குறைந்ததல்ல.

அன்பு வெல்லும் என்று கேட்க எங்கள் சனத்துக்கு இன்னும் ஆசை இருக்கிறது. அந்த ஆசையை நான் தலைவணங்கி மதிக்கிறேன். வென்ற அன்பு எந்த மண்ணில், யாருடைய உரிமையில் குடியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும் நாவலையே இனி எங்கள் வாசகியர் நல்ல நாவல் என்று ஏற்பார்கள். அப்படி ஒன்றை இந்த மண்டபத்தில் இருக்கும் ஒருவர் எழுதுவார் என்று நம்புகிறேன். எழுதினால் முதல் படியை வாங்கி வாசித்து, எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று அவருக்கு நேர்மையாகச் சொல்வேன்.