கல்லீரல் நோய்க்குப் பட்டினி மருந்தல்ல

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் குழுக்களின் கூட்டத்தில் பேசியது)



வீட்டில் ஒருவருக்குக் கல்லீரல் சுருக்க நோய் வந்தால், பத்தியம் என்று சொல்லி முட்டை, பருப்பு எல்லாத்தையும் நிறுத்திவிடுகிறோம். வெறும் கஞ்சிதான். கை கால் சதை கரைந்து, நடக்கவே தெம்பில்லாமல் போகிறது. வயிற்றில் நீர் கோர்த்திருந்தால், மெலிந்தது எடையில்கூடத் தெரியாது.

ஒன்று செய்து பார்ப்போம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 5 தடவை எழுந்து உட்காரச் சொல்வோம். விழுந்துவிடாமல் பக்கத்திலேயே நிற்கணும். முடியவில்லை என்றால், வயசாச்சு என்று விடாமல் நம்ம ஊர் அரசு மருத்துவமனையில் காட்டணும்.

நோயுற்ற கல்லீரலால் சத்தைச் சேர்த்து வைக்க முடியாது. ராத்திரி வெறும் வயிறாகக் கிடந்தால் உடம்பு தன் சதையையே கரைத்துக்கொள்ளும். அதனால் படுக்கும் முன் கொஞ்சம் சாப்பிடக் கொடுக்கணும். பால்கோவா வேண்டாம், ஒரு டம்ளர் பாலும் இரண்டு இட்லியும் போதும்.

60 கிலோ உடம்புக்கு நாளொன்றுக்கு 72 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். பருப்பு, பயறு, பால், மீன் எல்லாம் சேர்க்கணும். நீர் கோர்த்திருந்தால் உப்பைத்தான் குறைக்கணும், சாப்பாட்டை இல்லை. மருத்துவரைக் கேட்டு தினமும் கொஞ்சம் நடக்க வைப்போம். குடியை அறவே நிறுத்தணும்.

பத்தியம் என்று சொல்லி நாமே அவர்களைப் பலவீனமாக்க வேண்டாம், சகோதரிகளே.